கழன்ற உறை மீண்டும் வளருமா?

"காலையில நல்லாத்தானே இருந்தீங்க டீச்சர்?"

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதப் பிற்பகலில், எங்கள் பள்ளியின் கணித ஆசிரியையிடம் நான் கேட்ட கேள்வி இது. அப்போது நான் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தேன். மாடியில் இருந்த ஒன்பதாம் வகுப்புக்குப் போன அவர், பாதி வகுப்பிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது, கால் கனக்கிறது என்றார். காலை இறைவணக்கக் கூட்டத்தில் அவர் மாணவர்களை வரிசைப்படுத்தியதை நானே பார்த்திருந்தேன். அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. என் குரலில் சந்தேகம் இருந்தது. அது அவருக்கும் புரிந்தது.

இரண்டு மாதங்கள் கழித்து அவருடைய ஒரு கண்ணின் பார்வை திடீரென மங்கியது. கண் மருத்துவர் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். எம்ஆர்ஐ படம், முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனை என்று நீண்ட பிறகு பெயர் தெரிந்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

மருத்துவ விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பிய நாளில், ஆசிரியர் அறையில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், பத்தாம் வகுப்புக்கு நீங்கதானே நரம்பு மண்டலம் நடத்துறீங்க? மையலின் உறைன்னா ஒயர் மேல இருக்கிற பிளாஸ்டிக் மாதிரின்னு சொல்லுவீங்களே. எனக்கு அதுதான் அங்கங்க கழண்டிருக்காம். கழண்டதைத் திரும்பப் போட முடியாதா?"

கைப்பேசியில் ஒரு காணொலியையும் காட்டினார். தலைக்குக் காந்தத் தூண்டல் கொடுத்தால் நரம்பு உறை வளர்ந்துவிடும் என்று அதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். சிகிச்சைக்குப் பெரிய தொகை. நகையை அடகு வைத்தாவது பார்த்துவிடலாம் என்று அவருடைய கணவர் சொல்கிறாராம். "நீங்க அறிவியல் ஆசிரியர். படிச்சுப் பார்த்து உண்மையைச் சொல்லுங்க சார்" என்றார்.

முன்பு கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டவன் நான். இந்தக் கேள்விக்காவது சரியான பதிலைத் தேடித் தர வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தேடியபோது தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே பகிர்கிறேன்.

பாடத்தில் ஒரு பத்தி

நரம்பு செல்லின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்வது நமக்குப் பழக்கமான வினா. சைட்டான், டெண்ட்ரைட், ஆக்சான், மையலின் உறை, ரான்வீர் கணு என்று மாணவர்கள் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். உறை எதற்கு என்று கேட்டால் 'மின்காப்புக்காக' என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நிறைய விஷயம் இருக்கிறது.

நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை முதலில் அளந்தவர் ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1850இல் தவளையின் நரம்பில் அவர் கண்ட வேகம் நொடிக்குச் சுமார் 30 மீட்டர். அதற்கு முன் இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் முல்லரே கருதியிருந்தார். இன்று நமக்குத் தெரிந்தபடி, உறையற்ற மெல்லிய ஆக்சானில் வேகம் நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரை. தடித்த உறையுள்ள ஆக்சானில் நொடிக்கு 120 மீட்டர் வரை போகும்.

இந்த வேறுபாட்டை நாம் எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். கால் கட்டைவிரலைக் கதவில் இடித்துக்கொண்டால், முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி. ஒரு நொடி கழித்து மந்தமான, விடாத வலி. முதல் வலியைக் கொண்டு வருவது மெல்லிய உறையுள்ள இழைகள். இரண்டாவது வலி உறையில்லாத இழைகளில் மெதுவாக ஏறி வருகிறது. மையலினின் வேலையை விளக்க இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

உறை எப்படி வேகம் கூட்டுகிறது? ஆக்சான் முழுவதும் உறை மூடியிருப்பதில்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் இடைவெளி இருக்கும். அதுதான் ரான்வீர் கணு. மின்துடிப்பைப் புதுப்பிக்கும் சோடிய வாயில்கள் அந்தக் கணுக்களில் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. உறை மூடிய பகுதியில் மின்னோட்டம் வெளியே கசியாமல் கடந்து, அடுத்த கணுவில் புதிய துடிப்பாக எழுகிறது. இப்படிக் கணுவுக்குக் கணு தாவிச் செல்வதால்தான் அவ்வளவு வேகம்.

கை, கால் நரம்புகளில் உறையை அமைப்பவை ஷ்வான் செல்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த வேலையைச் செய்பவை ஒலிகோடென்ட்ரோசைட்டுகள். ஒரு ஷ்வான் செல் ஓர் ஆக்சானின் ஒரு துண்டை மட்டும் சுற்றும். ஓர் ஒலிகோடென்ட்ரோசைட் பல கைகளை நீட்டி, வெவ்வேறு ஆக்சான்களில் நாற்பது, ஐம்பது துண்டுகள் வரை சுற்றும். ஆகவே அப்படி ஒரு செல் அழிந்தால் பல கம்பிகளில் ஒரே நேரத்தில் உறை போகும்.

இங்கேதான் என்னுடைய ஒயர் உவமை தடுமாறுகிறது. ஒயர் மேல் உள்ள பிளாஸ்டிக் உயிரற்றது. மையலின் உயிருள்ள ஒரு செல்லின் சவ்வே பல சுற்றுகளாகச் சுருண்டு உண்டானது. அது மின்காப்பு தருவதோடு ஆக்சானுக்கு லாக்டேட் போன்ற ஆற்றல் பொருளையும் ஊட்டுகிறது. உறையை இழந்த ஆக்சான் நாளடைவில் பட்டினியால் தேய்ந்து அழியக்கூடும். உறை போவது சரிசெய்யத்தக்க இழப்பு. ஆக்சானே அழிந்தால் அது மீளாத இழப்பு. உறையை விரைவில் மீட்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் துடிப்பதற்குக் காரணம் இதுதான்.

உறை கழன்றால் என்ன ஆகும்?

1868இல் பாரிஸ் மருத்துவர் ஜான் மார்ட்டின் ஷார்கோ, இறந்த நோயாளிகளின் மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே கெட்டித்த தழும்புகளைக் கண்டு இந்நோயைத் தெளிவாக விவரித்தார். பல இடங்களில் இறுகிய தழும்புகள் என்பதே நோயின் பெயருக்குப் பொருள். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும் சொல்கிறார்கள். ஆனால் பாதிப்பு தண்டுவடத்தோடு நிற்பதில்லை. மூளை, பார்வை நரம்பு எங்கும் வரலாம்.

உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே மையலினைத் தாக்குவது இந்நோயின் அடிப்படை. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது. உலகில் 28 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கிறார்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற செல்லோ இசைக்கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே, விரல்களில் உணர்வு குறைந்ததால் இசை மேடையை விட்டு விலகியது இந்நோயால்தான். 1973இல் நோய் உறுதியானபோது அவருக்கு வயது 28.

எங்கள் கணித ஆசிரியை காலையில் நலமாகவும் பிற்பகலில் தளர்ந்தும் இருந்தது ஏன்? அதற்கும் விடை கிடைத்தது. 1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப், இந்நோயாளிகள் சிலருக்கு உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்கி, ஓய்வெடுத்ததும் திரும்புவதைப் பதிவு செய்தார். பின்னர்தான் காரணம் உடல் வெப்பம் என்று தெரிந்தது. வெப்பம் கூடினால் சோடிய வாயில்கள் விரைவாக மூடிக்கொள்ளும். துடிப்பின் நேரம் குறுகும். முழு உறையுள்ள நரம்புக்கு இது பொருட்டே இல்லை. உறை கழன்ற நரம்போ ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே அதில் செய்தி நின்றுபோகலாம். உடல் குளிர்ந்ததும் மீண்டும் ஓடும்.

ஏப்ரல் வெயில், மாடிப்படி, தகரக் கூரைக்குக் கீழே ஒரு வகுப்பறை. அன்று என் கண்முன் நடந்தது பாடநூலில் உள்ள நரம்பியல். நான் அதைச் சாக்குப்போக்கு என்று நினைத்தேன்.

உடலுக்குத் தெரிந்த வேலை

'கழன்றதைத் திரும்பப் போட முடியாதா?' என்ற கேள்விக்கு முதல் பதில்: உடல் தானாகவே போடுகிறது. ஆனால் போதுமான அளவு போடுவதில்லை.

வளர்ந்தவர்களின் மூளையிலும் ஒலிகோடென்ட்ரோசைட்டாக மாறக்கூடிய முன்னோடிச் செல்கள் பரவிக் கிடக்கின்றன. மூளையின் செல்களில் சுமார் 5 விழுக்காடு அவைதான். உறை சிதைந்த இடத்துக்கு இவை நகர்ந்து வந்து, பெருகி, முதிர்ந்து, புதிய உறையைச் சுற்றுகின்றன. புதிய உறை பழையதைவிட மெல்லியதாக இருக்கும். ஆனாலும் செய்தி ஓடும். ஒரு தாக்குதலுக்குப் பின் நோயாளிகள் பலர் ஓரளவு தேறி வருவதற்கு, வீக்கம் தணிவதோடு இதுவும் ஒரு காரணம். சிக்கல் என்னவென்றால், வயது கூடக் கூட இந்தச் செப்பனிடும் திறன் குறைகிறது. பல தழும்புகளில் முன்னோடிச் செல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன, ஆனால் முதிராமல் நின்றுவிடுகின்றன.

1993இல் இன்டர்ஃபெரான் பீட்டா மருந்து வந்ததிலிருந்து இன்றுவரை இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் இந்நோய்க்கு ஏற்கப்பட்டுள்ளன. இவை நோயெதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலைக் குறைக்கின்றன. அதாவது மேலும் உறை கழலாமல் தடுக்கின்றன. கழன்ற உறையை மீட்பதற்கென்று ஏற்கப்பட்ட மருந்து இதுவரை ஒன்றும் இல்லை. 2017இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒவ்வாமைக்குத் தரப்படும் கிளெமாஸ்டின் என்ற பழைய மாத்திரையை 50 நோயாளிகளிடம் சோதித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். கண்ணில் பட்ட காட்சி மூளையை எட்டும் தாமதம் சராசரியாக 1.7 மில்லிநொடி குறைந்திருந்தது. மிகச் சிறிய எண்தான். ஆனால் நாட்பட்ட சேதத்திலும் உறை திரும்ப வாய்ப்புண்டு என்பதற்கு மனிதர்களிடம் கிடைத்த முக்கியமான தடயம் அது.

துடிப்பைக் கேட்கும் செல்கள்

இனி மூளைத் தூண்டலுக்கு வருவோம். முன்னோடிச் செல்கள் எந்த ஆக்சானைச் சுற்றுவது என்று எப்படி முடிவு செய்கின்றன? அந்த ஆக்சானில் ஓடும் மின்துடிப்பு அதில் பெரும் பங்கு வகிக்கிறது.

1993இல் பென் பாரஸ், மார்ட்டின் ராஃப் இருவரும் எலியின் பார்வை நரம்பில் மின்துடிப்பை நிறுத்திப் பார்த்தார்கள். அதற்குப் பயன்படுத்தியது பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சின். துடிப்பு நின்றதும் முன்னோடிச் செல்கள் பெருகுவது வெகுவாகக் குறைந்தது. வேலை செய்யும் நரம்பு, தன்னைச் சுற்ற ஆட்களை அழைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

2014இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜே குழுவினர், எலியின் மூளையில் இயக்கத்தைத் திட்டமிடும் பகுதியில் உள்ள நரம்பு செல்களை ஒளியால் தூண்டினார்கள். சில வாரங்களில் அந்தப் பாதையில் புதிய ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் தோன்றின. உறை தடித்தது. அந்தப் பாதை இயக்கும் காலின் அசைவும் விரைவானது. புதிய செல்கள் உருவாவதைத் தடுத்தபோது அந்த முன்னேற்றம் வரவில்லை.

லண்டனில் வில்லியம் ரிச்சர்ட்சன் குழுவினர், படிகள் சீராக இல்லாத ஒரு சக்கரத்தில் எலிகளை ஓடப் பழக்கினார்கள். புதிய ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் உருவாக முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகள் அந்தத் திறனைச் சரியாகக் கற்க முடியாமல் திணறின. கற்றலுக்குப் புதிய மையலின் வேண்டியிருக்கிறது என்பது இதன் பொருள். அதற்கு முன்பே, 2009இல், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பெரியவர்களுக்கு ஆறு வாரம் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கப் பயிற்சி தந்தார்கள். அவர்களுடைய மூளையின் வெண்பொருளில் மாற்றம் தெரிவதை எம்ஆர்ஐ மூலம் காட்டினார்கள். வெண்பொருள் வெண்மையாக இருப்பதே மையலினின் கொழுப்பால்தான். வாய்ப்பாட்டையும் கையெழுத்தையும் நாம் திரும்பத் திரும்பப் பழக்குவதற்குப் பின்னால் உள்ள உடலியல் இதனுடன் தொடர்புடையது என்று எண்ணும்போது, ஆசிரியராக எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஆரோக்கியமான மூளையில் சரி, சிதைந்த மூளையில்? 2015இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், உறை கழன்ற ஆக்சான்கள் முன்னோடிச் செல்களுக்குக் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் மூலம் செய்தி அனுப்புவதை எலிகளில் கண்டார்கள். அந்தச் செய்தியைத் தடுத்தால் உறை திரும்புவதும் குறைந்தது. 2019இல் பாரிஸ் ஆய்வாளர்கள், உறை சிதைந்த எலி மூளையில் ஒளித்தூண்டல் கொடுத்து, செப்பனிடும் பணி மேம்படுவதைக் காட்டினார்கள்.

ஆனால் ஒளித்தூண்டலுக்கு நரம்பு செல்களின் மரபணுவை மாற்ற வேண்டும், மூளைக்குள் ஒளியிழை செலுத்த வேண்டும். நோயாளிகளுக்கு அப்படிச் செய்வது எளிதல்ல. மண்டையோட்டைத் திறக்காமல் தூண்ட ஒரு வழி தேவைப்பட்டது.

ஃபாரடேயின் சுருள்

அந்த வழி நம் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. மாறும் காந்தப்புலம் அருகில் உள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். மூளையும் ஒரு கடத்திதான். தலைக்கு அருகே ஒரு கம்பிச்சுருளை வைத்து, அதில் மின்னோட்டத்தைக் கணநேரம் பாய்ச்சி நிறுத்தினால், காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து மூளையில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் இதைச் செய்து காட்டினார். கையை இயக்கும் மூளைப் பகுதிக்கு மேல் சுருளை வைத்ததும், ஆள் நினைக்காமலே விரல் துடித்தது.

இந்த முறையைச் சுருக்கமாக டிஎம்எஸ் என்கிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2008இல் அனுமதி கிடைத்தது. நம் நாட்டின் பெருநகர மருத்துவமனைகளிலும் இதற்காக இக்கருவி உள்ளது. ஆகவே எங்கள் ஆசிரியை காட்டிய காணொலியில் இருந்த கருவி பொய்யில்லை. அது மையலினை வளர்க்கும் என்ற வாக்குறுதிதான் கேள்விக்குரியது.

இந்தக் கேள்வியை முறையாக ஆராய்பவர்களில் முன்னணியில் இருப்பது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தில் கேலீன் யங் தலைமையிலான குழு. அவர்கள் மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த செறிவில், நரம்பு செல்லை நேரடியாகத் துடிக்க வைக்காத அளவில், எலிகளுக்குக் காந்தத் தூண்டல் கொடுத்தார்கள். 2019இல் வெளியான முடிவு நுட்பமானது. முன்னோடிச் செல்கள் கூடுதலாகப் பெருகவில்லை. ஆனால் புதிதாகப் பிறந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகளில் கூடுதலானவை பிழைத்து முதிர்ந்தன. வழக்கமாக அவற்றில் பல, உறை சுற்றும் முன்பே மடிந்துவிடும். நாற்றங்காலில் விதை கூடுதலாக முளைக்கவில்லை, முளைத்தவை கருகாமல் தப்பின என்று சொல்லலாம்.

அடுத்த படி மனிதர்கள். இந்நோயாளிகளுக்கு இந்த மெல்லிய தூண்டல் பாதுகாப்பானதா என்று பார்க்க அக்குழு முதற்கட்ட ஆய்வைத் தொடங்கியது. தொடர்ந்து, ஆஸ்திரேலியாவின் பல இடங்களில் நோயாளிகளைச் சேர்த்து இரண்டாம் கட்ட ஆய்வை மேற்கொண்டது. இவற்றில் ஒரு பிரிவினருக்கு உண்மையான தூண்டல், மற்றொரு பிரிவினருக்குப் பாவனைத் தூண்டல். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. சிகிச்சை கிடைத்தது என்ற நம்பிக்கையே சில நாள்களுக்கு ஆளைத் தெம்பாக்கும். மேலும் இந்நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. பாவனைப் பிரிவு இல்லாமல் 'நான் தேறினேன்' என்று ஒருவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாததற்குக் காரணம் அதுதான்.

எச்சரிக்கைகள்

நம்பிக்கை தரும் இந்தப் பாதையில் சில மேடு பள்ளங்களும் உள்ளன.

முதலாவது, எலி வேறு, மனிதர் வேறு. சுவீடன் ஆய்வாளர்கள், அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கலந்த கார்பன்-14ஐக் கொண்டு மனித மூளைச் செல்களின் வயதைக் கணிப்பவர்கள். 2019இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நோயாளிகளின் மூளையில் உறை மீண்டும் உருவானதாகத் தோன்றும் இடங்களில் இருந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் பெரும்பாலும் பழையவையே. அதாவது மனிதர்களில் தப்பிப் பிழைத்த பழைய செல்களே மீண்டும் உறை சுற்றக்கூடும். எலியில் வேலை செய்த வழி மனிதரிலும் அப்படியே வேலை செய்யும் என்று கொள்ள முடியாது.

இரண்டாவது, தசை இறுக்கம் போன்ற தொல்லைகளைக் குறைக்க டிஎம்எஸ் உதவுமா என்று தனியாகச் சில ஆய்வுகள் நடந்துள்ளன. தொல்லை தணிவது வேறு, உறை வளர்வது வேறு. விளம்பரங்கள் இரண்டையும் கலந்துவிடுகின்றன.

மூன்றாவது, தூண்டல் எல்லோருக்கும் ஏற்றதில்லை. தலைக்குள் உலோகம் உள்ளவர்கள், காதில் காக்ளியர் கருவி பொருத்தியவர்கள், வலிப்பு வந்தவர்கள் ஆகியோரை மருத்துவர்கள் தனியாக ஆராய்ந்தே முடிவு செய்வார்கள். நரம்புத் துடிப்பு நல்ல செல்களை மட்டும் வளர்ப்பதும் இல்லை. அது சிலவகை மூளைக் கட்டிகளின் வளர்ச்சியையும் ஊக்குவிக்கும் என்று 2015இல் கண்டுபிடித்தது அதே மிஷெல் மோன்ஜே குழுதான்.

வகுப்பறையில் செய்து பார்க்க

இப்போது நான் இந்தப் பாடத்தை ஒயர் உவமையோடு நிறுத்துவதில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பழைய ரப்பர் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வேன்.

1. குழாயைத் தண்ணீர்க் குழாயில் செருகி, மெதுவாகத் திறந்து, மறுமுனையில் ஒரு குவளை நிரம்பும் நேரத்தை மாணவர்கள் குறிக்க வேண்டும்.
2. குழாயில் ஆணியால் ஏழெட்டு ஓட்டைகள் போட்டு மீண்டும் நேரத்தைக் குறிக்க வேண்டும். தண்ணீர் கசிந்து, குவளை தாமதமாக நிரம்பும். திருகை இன்னும் குறைத்தால் மறுமுனைக்கு நீரே வராமல் போகலாம்.
3. பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, ஓட்டைகளின் மேல் இறுக்கிச் சுற்றி, மூன்றாம் முறை நேரத்தைக் குறிக்க வேண்டும். முதல் அளவுக்கு இணையாக வராவிட்டாலும் இரண்டாவதைவிட முன்னேற்றம் தெரியும்.

மூன்று நேரங்களையும் பட்டை வரைபடமாக வரையச் சொல்லலாம். பிறகு முக்கியமான கேள்வி: 'இந்தக் குழாய் எந்தெந்த வகையில் நரம்பு போல இல்லை?' நரம்பில் நீர் ஓடுவதில்லை, துடிப்பு கணுவுக்குக் கணு புதுப்பிக்கப்படுகிறது, உறை உயிருள்ளது, அது தானே வளரப் பார்க்கிறது என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். உவமையின் எல்லையைக் கண்டுபிடிப்பதும் அறிவியல் கற்றல்தான்.

நமக்கும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. வெளியே தெரியாத குறைபாடு இது. நடக்கிறார், சிரிக்கிறார், ஆனால் பிற்பகலில் முடியவில்லை என்கிறார். நம்மோடு பணியாற்றுபவரோ, ஒரு மாணவியின் தாயோ அப்படிச் சொன்னால் முதலில் நம்புவோம்.

அவருக்கு நான் சொன்னது

ஒரு வாரம் படித்த பிறகு எங்கள் ஆசிரியையிடம் மூன்று செய்திகளைச் சொன்னேன். உறை வளரக்கூடியது. தூண்டினால் கூடுதலாக வளருமா என்று நல்ல ஆய்வாளர்கள் நேர்மையாகச் சோதித்து வருகிறார்கள். ஆய்வில் சேருபவரிடம் நியாயமான ஆய்வுகள் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. பணம் கேட்டு உறுதி கொடுக்கும் இடத்தில் இருப்பது ஆய்வு இல்லை. "இன்னைக்கு இதுக்காக நகையை அடகு வைக்காதீங்க டீச்சர். உங்க நரம்பியல் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றேன். மருத்துவரும் அதையே சொன்னாராம். எழுதிக் கொடுத்த மருந்தை விடாமல் எடுப்பதும், உடற்பயிற்சியும், வெயிலைத் தவிர்ப்பதும் இன்றைக்குக் கையில் உள்ள வழிகள் என்றாராம்.

பள்ளியில் நாங்கள் செய்தது மிகச் சிறியது. கணித வகுப்புகளை முற்பகலுக்கு மாற்றினோம். அவருடைய வகுப்பைத் தரைத்தளத்துக்குக் கொண்டு வந்தோம். கால அட்டவணையில் நான்கு கட்டங்களை இடம் மாற்றியதோடு வேலை முடிந்தது. அதற்கு முன் அன்று கேட்ட கேள்விக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கு எப்படி சார் தெரியும், எனக்கே தெரியலையே" என்றார்.

சென்ற ஆண்டு நரம்பு மண்டலப் பாடம் முடிந்த அன்று, கரும்பலகையில் 'கழன்ற உறை மீண்டும் வளருமா?' என்று எழுதி, அதன் கீழே 'ஆய்வு நடக்கிறது' என்று எழுதினேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

"சார், இது பரீட்சையில வருமா?"

"வராது" என்றேன்.

"அப்ப பதில் தெரிஞ்சதும் எங்களுக்குச் சொல்லுவீங்களா?"

அந்த மாணவி இப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். பதிலை அவள் எனக்குச் சொல்லும் காலமும் வரலாம்.